சாக்கடையில் கைமாறும் மரபணுக்கள்: ஆன்டிபயாடிக் ஏன் கேட்காமல் போகிறது?

"போன வருஷம் ரெண்டு மாத்திரை போட்டதுமே கேட்டுச்சு, இந்தத் தடவை கேக்கவே இல்லை, உடம்பு பழகிடுச்சு போல." மருந்துக்கடை வாசலில் ஐந்து நிமிடம் நின்றால் இந்தப் பேச்சு காதில் விழும். இதில் பாதி சரி. மருந்து கேட்காமல் போவது நிஜம். ஆனால் பழகியது உடம்பு இல்லை, உடம்புக்குள் இருக்கும் பாக்டீரியா. ஆன்டிபயாடிக் உள்ளே போவதே பாக்டீரியாவைக் கொல்லத்தான், அது அந்த மருந்துக்குச் சாகாத வகையாக இருந்துவிட்டால் வாழ்க்கையில் முதல் முறையாக மாத்திரை போடுகிறவருக்கும் கேட்காது, பிறந்து பத்து நாளான குழந்தைக்கும் கேட்காது. சரி, ஆன்டிபயாடிக் பக்கமே போகாதவருக்கு அந்த வகை பாக்டீரியா எங்கிருந்து வந்தது? ஆஸ்பத்திரியிலிருந்து வரலாம், கோழிப்பண்ணையிலிருந்து வரலாம், கூட இருப்பவரின் கையிலிருந்து வரலாம். நாம் கொஞ்சமும் யோசிக்காத இன்னொரு வழி கழிவறைக் குழாயில் தொடங்குகிறது. இந்தக் கட்டுரை அதைப் பற்றித்தான்.

முதலில் பாக்டீரியா எப்படித் தப்பிக்கிறது என்று பார்ப்போம். பெனிசிலின், அமாக்சிசிலின் போன்ற மருந்துகளின் மூலக்கூறில் நான்கு மூலை கொண்ட ஒரு சின்ன வளையம் இருக்கும். மருந்தின் வேலையே அந்த வளையத்தில்தான் இருக்கிறது. சில பாக்டீரியாக்கள் அந்த வளையத்தை வெட்டிவிடும் நொதியைத் தயாரிக்கின்றன, வெட்டிய பிறகு அது வெறும் தூள். வேறு சில, படகுக்குள் ஏறும் தண்ணீரை வாளியால் இறைப்பது போல உள்ளே வந்த மருந்தை வெளியே இறைத்துக்கொண்டே இருக்கும். இன்னும் சில, மருந்து போய் ஒட்ட வேண்டிய இடத்தின் வடிவத்தையே மாற்றிக்கொள்ளும். இந்த வித்தைகள் எல்லாம் அதன் டி.என்.ஏ.வில் எழுதப்பட்டிருக்கின்றன. அப்படி எழுதப்பட்ட துண்டைத்தான் எதிர்ப்பு மரபணு என்கிறோம்.

இதை மனிதன் உண்டாக்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். கனடாவின் யூகான் பகுதியில் சுமார் 30,000 ஆண்டுகளாக உறைந்து கிடந்த மண்ணிலிருந்து எடுத்த டி.என்.ஏ.வில் பெனிசிலின் வகை, டெட்ராசைக்ளின், வான்கோமைசின் ஆகியவற்றை எதிர்க்கும் மரபணுக்கள் இருந்ததாக 2011இல் ஆய்வு வெளிவந்தது. மண்ணில் பூஞ்சையும் பாக்டீரியாவும் ஒன்றையொன்று விரட்ட நஞ்சு தயாரிக்கின்றன, அந்த நஞ்சிலிருந்து தப்பிக்க மாற்று வழியும் வைத்திருக்கின்றன. பெனிசிலினே ஒரு பூஞ்சையின் சரக்குதான். நாம் செய்தது, அந்த நஞ்சை டன் கணக்கில் தயாரித்து உலகம் முழுக்க இறைத்தது. எங்கோ மண்ணுக்குள் ஒரு மூலையில் கிடந்த மரபணுவுக்கு எல்லா இடத்திலும் தேவை வந்துவிட்டது.

இனிதான் முக்கியமான இடம். எதிர்ப்பு மரபணு அம்மாவிடமிருந்து பிள்ளைக்கு மட்டும் போவதாக இருந்தால் பிரச்சினை இவ்வளவு வேகமாக வளர்ந்திருக்காது. பாக்டீரியாவின் உள்ளே, அதன் முதன்மையான டி.என்.ஏ. போக, சின்னச் சின்ன வளையங்களாகத் தனி டி.என்.ஏ. துண்டுகள் இருக்கும். பிளாஸ்மிட் என்று பெயர். பல எதிர்ப்பு மரபணுக்கள் இதில்தான் உட்கார்ந்திருக்கின்றன. ஒரு பாக்டீரியா பக்கத்தில் இருக்கும் இன்னொன்றோடு ஒரு மெல்லிய இழையால் இணைந்து பிளாஸ்மிட்டின் நகலை அதற்குக் கொடுத்துவிடும். பக்கத்து வீட்டில் உறைமோர் வாங்குவதை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு கரண்டி கொடுத்ததால் அவர்கள் வீட்டுத் தயிர் குறையவில்லை, வாங்கிய வீட்டில் ஒரு சட்டி தயிர் உறைந்துவிட்டது, நாளைக்கு இந்த வீட்டிலிருந்து அடுத்த வீட்டுக்கு ஒரு கரண்டி போகும். பிளாஸ்மிட் அப்படித்தான் பரவுகிறது. கொடுப்பதும் வாங்குவதும் ஒரே இனமாக இருக்க வேண்டும் என்றுகூட இல்லை. குடலில் சாதுவாக வாழும் ஈ.கோலை, நிமோனியா உண்டாக்கும் கிளெப்சியெல்லாவுக்குக் கொடுக்கலாம், அது காலரா கிருமிக்குக் கொடுக்கலாம். ஒரே பிளாஸ்மிட்டில் நான்கைந்து மருந்துகளுக்கான எதிர்ப்பு சேர்ந்தே இருப்பதும் உண்டு. அப்போது அதில் ஒரு மருந்து தண்ணீரில் இருந்தால் போதும், மற்ற நான்கு எதிர்ப்பும் கூடவே பிழைத்துப் பெருகும்.

இப்படிக் கைமாற என்ன வேண்டும்? கூட்டம் வேண்டும், உணவு வேண்டும், கொஞ்சம் வெதுவெதுப்பு வேண்டும், எதிர்ப்பு உள்ளவைக்கு லாபம் தரும் அளவுக்கு லேசாக மருந்து வேண்டும். நான்கும் ஒரே இடத்தில் கிடைப்பது சாக்கடையில்.

மருந்து எப்படிச் சாக்கடைக்கு வருகிறது என்று கேட்டால், நாம் சாப்பிடும் ஆன்டிபயாடிக் முழுவதும் உடம்புக்குள் கரைந்து போவதில்லை. அமாக்சிசிலின் மாத்திரையில் பாதிக்கு மேல் எந்த மாற்றமும் இல்லாமல் சில மணி நேரத்தில் சிறுநீரில் வெளியே வந்துவிடும். சிப்ரோஃப்ளாக்சசினிலும் கிட்டத்தட்ட பாதி அப்படியே வரும். அதே கழிவறையில் கோடிக்கணக்கான குடல் பாக்டீரியாக்களும் இறங்குகின்றன. ஊரில் உள்ள ஒவ்வொரு வீட்டுக் குழாயும், ஐ.சி.யூ. வைத்திருக்கும் ஆஸ்பத்திரிக் குழாயும், இறைச்சிக்கூடத்துக் குழாயும் கீழே போய் ஒன்றாகச் சேர்கின்றன. வெளியில் ஒருவரையொருவர் சந்திக்க வாய்ப்பே இல்லாதவர்களின் பாக்டீரியாக்கள் அங்கே உரசிக்கொண்டு ஓடுகின்றன.

"சாக்கடையில் மருந்து ரொம்ப நீர்த்துப் போயிருக்குமே, அதனால் என்ன ஆகிவிடும்?" என்று தோன்றும். நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் பாக்டீரியாவைக் கொல்லத் தேவையான அளவைவிட நூறு மடங்குக்கு மேல் குறைவாக இருக்கும்போதும் சில மருந்துகள் எதிர்ப்பு உள்ளவைக்குச் சாதகமாகவே வேலை செய்கின்றன என்று சுவீடன் ஆய்வாளர்கள் 2011இல் காட்டினார்கள். மருந்து இல்லாத இடத்தில் எதிர்ப்பு மரபணுவைச் சுமப்பது ஒரு பாரம், அதனால் சுமப்பவை கொஞ்சம் மெதுவாக வளரும். லேசாக மருந்து இருந்தால் மற்றவை அதைவிட மெதுவாகிவிடும். அந்தச் சின்ன வித்தியாசம் போதும், ஈ.கோலை நல்ல சூழலில் இருபது நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டாகிறது என்பதை நினைவில் வையுங்கள். போதாததற்குத் துத்தநாகம், செம்பு போன்ற உலோகங்களும், தரை துடைக்கும் சில கிருமிநாசினிகளும் இதே வேலையைச் செய்யும், ஏனென்றால் அவற்றைத் தாங்கும் மரபணுக்கள் பல நேரம் ஆன்டிபயாடிக் எதிர்ப்பு மரபணுக்களோடு ஒரே பிளாஸ்மிட்டில் இருக்கும்.

லேசான மருந்தே இவ்வளவு செய்யும் என்றால், ஹைதராபாத் பக்கத்தில் நடந்ததை என்னவென்று சொல்வது.

ஹைதராபாத்துக்கு வடமேற்கில் பட்டான்செரு என்ற தொழிற்பகுதி இருக்கிறது. உலகம் முழுக்கப் போகும் மருந்துகளின் மூலப்பொருள் தயாராகும் இடம். சுமார் 90 மருந்துத் தொழிற்சாலைகளின் கழிவுநீரை வாங்கிச் சுத்திகரிக்க அங்கே ஒரு பொது நிலையம் இருந்தது. சுவீடனின் கோத்தன்பர்க் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த யோவாக்கிம் லார்சனும் உடன் பணியாற்றியவர்களும் அந்த நிலையத்திலிருந்து சுத்திகரித்து வெளியேறும் தண்ணீரைச் சோதித்து 2007இல் வெளியிட்டார்கள். ஒரு லிட்டரில் 31 மில்லிகிராம் வரை சிப்ரோஃப்ளாக்சசின். எண்ணாகப் பார்த்தால் சின்னதாகத் தெரியும். அதே மருந்தை 500 மில்லிகிராம் மாத்திரையாகச் சாப்பிட்ட நோயாளியின் ரத்தத்தில், உச்சத்தில் இருக்கும்போதே, லிட்டருக்கு 2 முதல் 3 மில்லிகிராம்தான் இருக்கும். நோயாளியின் ரத்தத்தில் இருப்பதைவிடப் பத்து மடங்கு மருந்து, சுத்திகரித்த தண்ணீர் என்ற பெயரில், ஓடைக்குப் போய்க்கொண்டிருந்தது. ஒரு நாளைக்கு வெளியேறியது சுமார் 45 கிலோ என்று கணக்கிட்டார்கள். 500 மில்லிகிராம் மாத்திரையாக எண்ணினால் 90,000 மாத்திரை. அப்போது 90 லட்சம் பேர் வாழ்ந்த சுவீடன் நாடு முழுவதும் ஐந்து நாளில் சாப்பிடும் அளவு அது.

அந்தத் தண்ணீர் இசகவாகு, நக்கவாகு என்ற ஓடைகள் வழியாக மஞ்சீரா ஆற்றுக்குப் போகிறது. பின்னாளில் அந்த ஓடைகளின் வண்டலிலும், அருகில் உள்ள காசிப்பள்ளி ஏரியிலும் எடுத்த மாதிரிகளில் எதிர்ப்பு மரபணுக்கள் குவிந்து கிடந்தன. சுற்றுப்புற ஊர்களின் கிணற்று நீரிலும் மருந்து எச்சங்கள் கிடைத்தன. சூழலில் எதிர்ப்பு பெருகாமல் இருக்க சிப்ரோஃப்ளாக்சசின் லிட்டருக்கு 0.064 மைக்ரோகிராமுக்கு மேல் போகக் கூடாது என்று லார்சன் குழுவினர் 2016இல் ஒரு வரம்பை முன்வைத்தார்கள். பட்டான்செருவில் அளந்தது அதைவிட நாலரை லட்சம் மடங்குக்கும் மேல். மருந்து சாப்பிடும் நோயாளியை மட்டும் குறை சொல்லிக்கொண்டிருப்பவர்கள் இந்த ஒரு எண்ணைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும் என்பது என் ஆசை.

அப்புறம் டெல்லி. 2008இல் சுவீடனில் சிகிச்சைக்கு வந்த ஒருவரிடம் ஒரு கிளெப்சியெல்லா கிடைத்தது. அவர் இந்திய வம்சாவளி, அதற்கு முன் புதுடெல்லியில் ஆஸ்பத்திரியில் இருந்தவர். கடைசிக் கட்ட மருந்துகளாக வைத்திருந்த கார்பபெனம்களையும் அந்தக் கிருமியின் நொதி வெட்டியது. அந்த நொதிக்கு என்.டி.எம்.-1 என்று பெயர் வைத்தார்கள், அதில் 'என்.டி.' என்பது நியூ டெல்லி, புதுடெல்லியின் பெயர் இப்படி அதில் இருந்ததால் இங்கே பெரிய சர்ச்சையானது. 2010இல் சென்னைப் பல்கலைக்கழக ஆய்வாளர் கார்த்திகேயன் குமாரசாமி முதல் பெயராக இருந்த ஒரு ஆய்வு, சென்னையிலிருந்து 44, ஹரியானாவிலிருந்து 26, பிரிட்டனிலிருந்து 37 என்று நோயாளிகளிடமிருந்து எடுத்த என்.டி.எம்.-1 பாக்டீரியாக்களைக் காட்டியது. பெயரைப் பற்றி நடந்த சண்டையில் விஷயம் கொஞ்ச காலம் பின்னுக்குப் போனது.

அடுத்த கேள்வியைக் கேட்டவர் பிரிட்டனின் கார்டிஃப் பல்கலைக்கழகத்தில் இருந்த டிமதி வால்ஷ். இது ஆஸ்பத்திரிக்குள் மட்டும்தான் இருக்கிறதா, தெருவுக்கும் வந்துவிட்டதா? 2010 செப்டம்பர் கடைசியிலும் அக்டோபர் தொடக்கத்திலும் மத்திய டெல்லியைச் சுற்றி 12 கிலோமீட்டருக்குள் தெருவில் தேங்கிய தண்ணீரும் ஓடைத் தண்ணீருமாக 171 மாதிரிகள், குழாய்த் தண்ணீர் 50 மாதிரிகள் எடுத்தார்கள். தெருத் தண்ணீர் மாதிரிகளில் 51இல் என்.டி.எம்.-1 நொதிக்கான மரபணு இருந்தது. குழாய்த் தண்ணீரில் இரண்டில் இருந்தது. ஒப்பிட்டுப் பார்க்க எடுத்த கார்டிஃப் நகரச் சாக்கடை மாதிரிகள் எதிலும் இல்லை. டெல்லியில் கிடைத்தவற்றில் காலரா கிருமியும் சீதபேதி உண்டாக்கும் ஷிகெல்லாவும்கூட அந்த மரபணுவைத் தூக்கிக்கொண்டு இருந்தன.

அந்த ஆய்வில் எனக்கு மறக்காமல் இருப்பது வெப்பநிலைக் கணக்கு. அந்த பிளாஸ்மிட் ஒரு பாக்டீரியாவிலிருந்து இன்னொன்றுக்குக் கைமாறும் வேகத்தை மூன்று வெப்பநிலையில் அளந்தார்கள். மனித உடம்பின் 37 டிகிரியில் இருந்ததைவிட, 25 டிகிரியில் இருந்ததைவிட, 30 டிகிரியில் அதிகமாக இருந்தது. 30 டிகிரி என்பது நம் ஊரில் வருஷத்தில் பாதி நாள் தெருத் தண்ணீரின் சூடு.

சரி, இதற்குத்தானே சுத்திகரிப்பு நிலையம் இருக்கிறது என்பீர்கள். அங்கே போய் காற்றேற்றத் தொட்டியின் ஓரத்தில் நின்று பாருங்கள். நாற்றம் நாம் நினைப்பதுபோல் இருக்காது, ஒழுங்காக நடக்கும் தொட்டியில் ஈரமண் வாசனைதான் வரும். சாக்லேட் நிறத் தண்ணீர் கொதிப்பது போலக் குமிழியிட்டுக்கொண்டிருக்கும். ஒரு கண்ணாடிக் குவளையில் மொண்டு வைத்தால் அரை மணி நேரத்தில் பழுப்புப் பஞ்சு போன்ற கசடு அடியில் படிந்து மேலே தெளிந்த நீர் நிற்கும். அந்தப் பஞ்சு முழுக்க உயிர். அதில் ஒரு தேக்கரண்டியில் நூறு கோடிக்கும் மேல் பாக்டீரியா. அவை சாக்கடையில் உள்ள அழுக்கைத் தின்றுதான் தண்ணீர் தெளிகிறது. ஆக, சுத்திகரிப்பு என்பதே பாக்டீரியாவை நெருக்கமாக வளர்த்துச் செய்யும் வேலை. உறைமோர் கைமாற இதைவிட நல்ல இடம் கிடைக்குமா?

இருந்தும் நிலையத்தால் பெரிய பலன் உண்டு, அதைக் குறைத்துச் சொல்லக் கூடாது. நன்றாக நடக்கும் நிலையம், வரும் குடல் பாக்டீரியாக்களில் நூற்றுக்குத் தொண்ணூறிலிருந்து தொண்ணூற்றொன்பது வரை நீக்கிவிடும். ஆனால் 100 மில்லி சாக்கடை நீரில் ஈ.கோலை மட்டுமே பத்து லட்சத்திலிருந்து ஒரு கோடி வரை இருக்கும். தொண்ணூற்றொன்பது சதவீதம் போனாலும் பத்தாயிரத்திலிருந்து ஒரு லட்சம் மிச்சம். இந்த நிலையங்களை வடிவமைத்த காலத்தில் அழுக்கையும் நாற்றத்தையும் குறைப்பதுதான் நோக்கம், மரபணுவைப் பற்றி யாரும் நினைக்கவில்லை. கடைசியில் குளோரினோ புற ஊதாக்கதிரோ கொடுத்தால் பாக்டீரியா இன்னும் குறையும். ஆனால் பாக்டீரியா செத்தாலும் உடைந்த உடலிலிருந்து டி.என்.ஏ. தண்ணீரில் மிதக்கும், சில பாக்டீரியாக்கள் அப்படி மிதக்கும் துண்டையும் உள்ளே இழுத்துக்கொள்ளும். கிருமியைக் கொல்லப் போதுமான கதிர் மரபணுவைச் சிதைக்கப் போதாது, அதற்கு இன்னும் பல மடங்கு வேண்டும். நுண்சவ்வு வைத்து வடிகட்டும் நிலையங்கள் இதில் மேல். பிரித்தெடுத்த கசடை அப்படியே வயலுக்கு உரமாகக் கொண்டுபோனால் மரபணுக்களும் வயலுக்குப் போகும், நன்றாகச் சூடேறி மக்கிய பிறகு போனால் குறையும்.

இதெல்லாம் நிலையத்துக்கு வந்து சேரும் தண்ணீரின் கதை. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2021இல் வெளியிட்ட கணக்கின்படி, இந்திய நகரங்களில் ஒரு நாளைக்கு உண்டாகும் கழிவுநீர் 7,236 கோடி லிட்டர். உண்மையில் சுத்திகரிக்கப்பட்டது 2,023 கோடி லிட்டர். மீதி எல்லாம் ஓடை, ஆறு, ஏரி, கடல்.

இவ்வளவையும் எப்படி அளக்கிறார்கள்? பழைய முறை எளிது, கண்ணால் பார்க்கலாம். சாக்கடை நீரை நிறையத் தண்ணீர் சேர்த்து நீர்க்கச் செய்து, அதில் ஒரு சொட்டை, ஆன்டிபயாடிக் கலந்த மக்காங்கி ஊடகத் தட்டில் (குடல் பாக்டீரியாவை வளர்க்கும் ஜெல்லித் தட்டு) தேய்த்து, 37 டிகிரிப் பெட்டியில் ராத்திரி முழுக்க வைக்கிறார்கள். மருந்து வேலை செய்தால் தட்டு காலியாக இருக்க வேண்டும். காலையில் எடுத்துப் பார்த்தால் குண்டூசித் தலை அளவில் இளஞ்சிவப்புப் புள்ளிகள் இருக்கும். ஒவ்வொரு புள்ளியும் மருந்தைத் தாண்டி வந்த ஒரே ஒரு பாக்டீரியாவின் வம்சம். அதை எண்ணினால் கணக்கு கிடைத்துவிடும். உலக சுகாதார நிறுவனம் மனிதர், உணவுச் சங்கிலி, சுற்றுச்சூழல் என மூன்றிலும் ஒருவகை எதிர்ப்பு ஈ.கோலையை மட்டும் எண்ணச் சொல்லும் முறையை இந்த அடிப்படையில்தான் வகுத்திருக்கிறது, சின்ன ஆய்வகமும் செய்யலாம் என்பதால். பணம் இருந்தால் தண்ணீரில் உள்ள மொத்த டி.என்.ஏ.வையும் படித்து எந்த மரபணு எவ்வளவு என்று பார்க்கலாம். அப்படி 60 நாடுகளில் 79 இடங்களின் சாக்கடையைப் படித்த ஆய்வு 2019இல் வந்தது. எதிர்ப்பு மரபணுக்களின் அளவு, அந்த நாட்டில் எவ்வளவு ஆன்டிபயாடிக் சாப்பிடுகிறார்கள் என்பதைவிட, அங்கே சுகாதார வசதியும் மக்களின் ஆரோக்கியமும் எப்படி இருக்கின்றன என்பதோடு அதிகம் ஒத்துப்போனது. கழிவறையும் பாதாள சாக்கடையும் நல்ல குடிநீரும்கூட ஆன்டிபயாடிக்கைக் காப்பாற்றும் என்று நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இதுதான்.

பயப்பட வேண்டுமா என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். எதிர்ப்பு உள்ள ஈ.கோலை ஆரோக்கியமான ஒருவரின் வயிற்றுக்குள் போனால் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது, மற்றவற்றோடு குடலில் தங்கும், சில மாதங்களில் போய்விடவும் செய்யும். அது இருக்கும் காலத்தில் சிறுநீர்ப் பாதையில் தொற்று வந்தாலோ, அறுவைச் சிகிச்சை நடந்தாலோ, புற்றுநோய் மருந்தால் உடம்பின் நோய் எதிர்ப்புச் சக்தி இறங்கினாலோதான் சிக்கல். அப்போது டாக்டர் கொடுக்கும் முதல் மருந்து கேட்காது, இரண்டாவதும் கேட்காது. 2019இல் உலகம் முழுக்க 12.7 லட்சம் பேர் இப்படி மருந்து கேட்காத பாக்டீரியாத் தொற்றாலேயே இறந்தார்கள் என்பது மதிப்பீடு. குடிக்கும் தண்ணீரைக் கொதிக்க வைத்தால் எதிர்ப்பு உள்ள பாக்டீரியாவும் சாகும். கொதிநீருக்கு எதிர்ப்பு கிடையாது.

இந்தியாவில் 2020 ஜனவரியில் மத்திய அரசு ஒரு வரைவு வெளியிட்டது. மருந்துத் தொழிற்சாலைக் கழிவுநீரில் எந்த ஆன்டிபயாடிக் எவ்வளவு இருக்கலாம் என்று அதில் எண்களோடு ஒரு பட்டியல் இருந்தது. 2021 ஆகஸ்டில் இறுதி விதிகள் வந்தபோது அந்தப் பட்டியல் இல்லை. உலக சுகாதார நிறுவனம் 2024 செப்டம்பரில் ஆன்டிபயாடிக் தொழிற்சாலைக் கழிவுகளுக்கு வழிகாட்டுதல் வெளியிட்டது, ஆனால் அது சட்டம் இல்லை. எனக்கு இதில் வருத்தம் அதிகம். வீட்டுச் சாக்கடையில் மருந்து ஆயிரம் வாயில்களிலிருந்து சொட்டுச் சொட்டாக வருகிறது, அதைத் தடுப்பது கஷ்டம். தொழிற்சாலையில் ஒரே குழாயிலிருந்து வருகிறது, அந்தக் குழாயின் வாயிலேயே பிடித்துவிடலாம். ஆஸ்பத்திரிக் கழிவுநீரையும் ஊர்ச் சாக்கடையில் கலக்கும் முன் தனியாகச் சுத்திகரிக்கலாம், கலந்த பிறகு பிரிக்க வழியில்லை.

வீட்டில் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். சளி, சாதாரண ஜுரம் பெரும்பாலும் வைரஸால் வருவது, ஆன்டிபயாடிக் அதைத் தொடாது, வாங்கிச் சாப்பிட்டால் பாதி அப்படியே சாக்கடைக்குப் போவதுதான் மிச்சம். போன தடவை மீந்த அட்டையில் இருக்கும் நாலு மாத்திரையை எடுத்துப் போடுவதும், பக்கத்து வீட்டுக்குக் கொடுப்பதும் வேண்டாம். அதைக் கழிவறையிலும் கொட்டாதீர்கள். கேரளத்தில் வீடுகளில் மீந்த மருந்தைத் திரும்ப வாங்கிக்கொள்ளும் திட்டம் தொடங்கியிருக்கிறார்கள். அப்படி வசதி இல்லாத ஊரில் டீத்தூள் சக்கையோடு கலந்து ஒரு கவரில் கட்டிக் குப்பையில் போடலாம். குப்பைக் கிடங்கிலிருந்தும் கொஞ்சம் கசியும், ஆனாலும் நேராகச் சாக்கடையில் கரைப்பதற்கு அது மேல். அடுக்குமாடியில் இருப்பவர்கள் இன்னொன்றும் செய்யலாம்: கீழே இருக்கும் சுத்திகரிப்புத் தொட்டியின் காற்றேற்றும் மோட்டார் ராத்திரியில் ஓடுகிறதா, மின்சாரச் செலவுக்காக நிறுத்தி வைக்கிறார்களா என்று ஒருமுறை இறங்கிப் போய்ப் பாருங்கள், அந்தத் தண்ணீரைத்தான் மறுநாள் காலையில் செடிக்கும் கழிவறைக்கும் திருப்பி விடுகிறார்கள்.